சுவார்ட்ஸ் ஐயரும் மெய்ஞ்ஞானமும்

கல்வி மிகுந்தோரெல்லாம் ஞானிகளாகார், கல்லாதோரெல்லாம் பேதையருமாகார். திருமறை கூறும் ஞானம் வெறும் நூலறிவன்று. கர்த்தருக்குப் பயப்படுதலில் தொடங்கி, பேச்சிலும் கொடுக்கல் வாங்கலிலும் வெளிப்படும் நல்லொழுக்கமே அதுவாம். பேதைமையோ தேவனை மறந்து தன்னையே நம்பி வாழ்தல். உண்மையாய் நடப்பவன் இவ்வுலகில் பிழைக்கமாட்டான் என்று எண்ணும் இளைஞர் இக்காலத்தும் பலர் உளர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடைத்து என்பதைக் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயரின் சரித்திரம் தெளிவுறக் காட்டும்.

ஐயர் 1726ஆம் ஆண்டில் பிரஷிய அரசருக்குட்பட்ட சொன்னன்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையிற் பயிலுங்கால், இந்தியாவினின்றும் திரும்பியிருந்த சூல்ட்சே ஐயரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். தமிழ் வேதாகமத்தை ஆங்கு அச்சிட எடுத்த முயற்சிக்குத் துணைபுரியவே அவர் நம் மொழியைக் கற்றார். அக்கல்வியே அவரை நம் நாட்டிற்கு அழைத்து வந்தது. 1749இல் கோபனேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, 1750இல் தரங்கம்பாடியை அடைந்து, சில மாதங்களுக்குள் தமிழிற் பிரசங்கம் செய்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சையிலும் ஊழியம் புரிந்தார்.

திருச்சிராப்பள்ளியில் அவர் வசித்தது கட்டிலொன்று கொள்ளும் அளவினதாகிய சிற்றறை. உண்டது நம்மவர் முறையிற் சமைத்த சோறும் கறியும். உடுத்தது கருஞ்சாயமிட்ட பருத்தியாடை. அவர் விவாகம் செய்துகொண்டவரல்லர். காலைதோறும் உபதேசியாரோடு ஜெபித்து அவர்களை ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் கண்டதும் கேட்டதும் அமர்ந்து கேட்பார். உயர் பதவியிலிருந்த ஐரோப்பியர் பலர் பொருள் குவிப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்த அக்காலத்தில், இத்தகைய வாழ்வு பேதைமையாகவே பலருக்குத் தோன்றியிருக்கும்.

1779இல் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் கருத்தை அறிந்து சமாதானம் பேசும்பொருட்டு, சென்னைக் கவர்னர் ரம்போல்டு ஐயரை ஸ்ரீரங்கபட்டணத்திற்கு அனுப்பினார். கும்பெனியாரின் சொல்லை நம்பாத ஐதர், ஐயரை மதித்து வரவேற்றார். விடைபெறுங்கால் வழிச்செலவிற்கென 300 ரூபாய் அளித்தார். வழிச்செலவைக் கும்பெனியாரே ஏற்றிருந்தமையால், ஐயர் அப்பணத்தைச் சென்னை அரசாங்கத்தாரிடம் ஒப்புவிக்க முயன்றார். அவர்கள் அதனை ஏற்க மறுக்கவே, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பாடசாலைக்கு அதனை முதற்பொருளாக்கினார். எனினும் அவர் நாடிய சமாதானம் நிலைக்கவில்லை. 1780இல் ஐதரின் சேனை கருநாடகத்திற் புகுந்தது. தூது பயனற்றதாயினும் தூதரின் நற்பெயர் பயனற்றுப் போகவில்லை. பாதிரியாரைத் துன்புறுத்தாது செல்லவிடுமாறு ஐதர் தம் வீரருக்குக் கட்டளையிட்டார்.

அப்போரினால் தஞ்சை நாட்டிற் கொடிய பஞ்சம் நேர்ந்தது. ஐயர் முன்னறிவோடு, விலை மலிந்திருந்த காலத்திலேயே நெல் வாங்கிச் சேமித்திருந்தார். அதனைக்கொண்டு பசித்தோர் பலரைப் போஷித்தார். நம் ஆண்டவர் அருளிய உவமையில் வரும் ஐசுவரியவானும் தானியம் சேர்த்தவனே. ஆயினும் தனக்கென்றே சேர்த்தமையால் மதிகேடன் எனப்பட்டான். களஞ்சியம் நிறைத்தல் இருவர்க்கும் பொதுவாயினும், யார்பொருட்டு நிறைத்தனர் என்பதே ஞானத்தையும் பேதைமையையும் பிரித்துக் காட்டிற்று.

கோட்டையிலிருந்தோர் பட்டினியால் மடியுங்கால், நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும் கொணர்வார் இலர். முன்னர்க் கூலி பெறாது ஏமாந்த குடிகள் அரசனின் வாக்கையும் நம்பவில்லை, கும்பெனியாரின் வாக்கையும் நம்பவில்லை. அந்நெருக்கடியில் துளஜாஜி மன்னர் ஐயரின் உதவியை நாடினார். கூலிக்குத் தாமே பொறுப்பென்று ஐயர் எழுதியனுப்பிய இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆயிரம் எருதுகள் வந்து சேர்ந்தன; 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. அவரவர்க்குரிய கூலியை ஐயர் தம் கையாலேயே கொடுத்தனுப்பினார். ஆண்டுகள் பல சிறு காரியங்களிற் காத்த உண்மை, ஒரு நகரத்தின் உயிரைக் காத்தது.

1787இல் மரணத்தறுவாயிலிருந்த துளஜாஜி, தாம் சுவீகரித்த புதல்வர் சரபோஜியை ஐயரிடம் ஒப்படைக்க விரும்பினார். ஐயர் இராச்சிய அதிகாரத்தை ஏற்க உடன்படாது, அதனை மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் ஒப்புவிக்க ஆலோசனை கூறினார். பிள்ளை பின்னர் அமர்சிங்கால் துன்புறுத்தப்பட்டபோது, அவருக்காக வழக்காடிப் பாதுகாப்பளித்தவர் ஐயரே. 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐயர் தேவனடி சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அரியணை ஏறிய சரபோஜி மன்னர், பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக்கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் அமைப்பித்தார். மரணப்படுக்கையிலிருக்கும் ஐயர் அருகே மன்னர் நிற்கும் அக்காட்சியைத் தஞ்சைத் தேவாலயத்தில் இன்றும் காணலாம்.

மாணவ நண்பர்களே, அரசரிடம் தூது செல்லும் வாய்ப்பு நமக்கு வாய்ப்பதரிது. ஆனால் பரீட்சை மண்டபமும், விடுதிக் கணக்கும், கடன் வாங்கிய புத்தகமும், சொன்ன சொல்லும் நாடோறும் நம்மைச் சோதிக்கின்றன. இன்று அற்பமென நாம் கருதும் உண்மையே, நம் சொல்லொன்றையே பிறர் நம்பி நிற்கும் நாளில் அவர்க்கு அடைக்கலமாகும். ஞானத்திற் குறைவுடையோர் கேட்டால் தேவன் சம்பூரணமாய் அளிப்பார் என்பது வேதம். ஐயர் அதனை நாடோறும் கேட்டார், நாமும் கேட்போமாக.