எலைசா அம்மையாரின் ரேந்தை

தை மாதத்திலே திம்புள்ளப் பள்ளத்தாக்கில் இறங்கும் குளிர் எத்தகையது என்பதை இங்கு வாழ்ந்தவரே அறிவர். அத்தகைய ஒரு காலையில், உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். 1856ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் நம் மொழியாராய்ச்சியின் போக்கையே மாற்றியதன்றோ? அதனைப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது. கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தியோ தலை நிமிரவில்லை. அருகிற் சென்று பார்த்தேன். மடியில் நீலக் கம்பளிநூற் பந்து, கையிலே கொக்கியூசி. பின்னல் நடந்துகொண்டிருந்தது.

எனக்குச் சினம் மூண்டது. ஊசியையும் நூலையும் வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தமிழைக் காட்டிலும் நூற்பந்து பெரிதோ என்னும் பொருள்பட நான் சொன்னவற்றை இங்கே எழுத நாணுகிறேன். பிற்பகலில் சக ஆசிரியை ஒருவர் செய்தி சொன்னார். அப்பெண்ணின் அண்ணனுக்கு லயத்துக் காம்பராவில் குழந்தை பிறந்து பத்து நாளே ஆகின்றனவாம். அதற்குத்தான் குல்லாய் பின்னுகிறாளாம். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பின்னுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. கதவுத் திரையும் தலையணை உறையும் மேசை விரிப்பும் அவள் கைவேலையே என்றும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. எந்தக் கால்டுவெல்லின் பெயரைச் சொல்லி அந்த ஊசியைப் பறித்தேனோ, அவர் வீட்டுத் திண்ணையிலேயே நூலும் ஊசியும் பல்லாண்டுகள் ஓயாது இயங்கின என்பது அப்போதுதான் நினைவில் உறைத்தது. முப்பது ஆண்டுகளாகக் கால்டுவெல்லைக் கற்பிக்கும் யான், அவர் துணைவியார் எலைசா அம்மையாரைப் பற்றி ஒரு வகுப்பிலேனும் வாய் திறந்ததில்லை. அக்குறையை ஈண்டுத் தீர்க்க முயல்கிறேன்.

எலைசா 1822இல் பிறந்தவர். தந்தையார் சார்லசு மால்ட், இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர். தாயார் மார்த்தா அம்மையார். இவ்விருவரும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் அது திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்ட ஊர். பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதென்பது ஊரார்க்கு நகைப்புக்குரிய செயல். சேர்ந்த சிறுமியர்க்கோ உணவும் உடையும் கொடுத்துப் பள்ளியிலேயே தங்கவைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பொருள் வேண்டுமே! மார்த்தா அம்மையார் 1821இல் கண்ட வழிதான் ரேந்தை.

ரேந்தை என்ற சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. காலி, வெலிகம பக்கத்துச் சிங்களப் பெண்கள் பீரளு என்னும் சிறு கட்டைகளைக் கொண்டு பின்னும் ரேந்தையை நம் நாட்டவர் பலரும் பார்த்திருப்பர். நாகர்கோவிலில் மார்த்தா அம்மையார் கற்பித்ததும் அவ்வினத்ததே. இறுகத் திணித்த தலையணை ஒன்றின்மேல், துளையிட்டுக் கோலம் வரைந்த தாளை வைத்துக் குண்டூசிகளைக் குத்துவர். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு கட்டை தொங்கும். கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து முறுக்கியும் குறுக்கே மாற்றியும் வர, ஊசிகளைச் சுற்றி நூல் பூவாகவும் இலையாகவும் படியும். அகன்ற கோலமாயின் கட்டைகள் பலவாகப் பெருகும். ஒரு கட்டை இடம் மாறினாலும் கோலம் கெட்டுவிடும். ஓர் அங்குலம் நீள்வதற்கே நெடுநேரம் பிடிக்கும். யாப்பிலே ஓரசை பிழைத்தால் தளை தட்டுவது போலத்தான் என்று சொன்னால், என் போன்ற பண்டிதர்க்கு எளிதில் விளங்கும்.

அவ்வேலையின் பயன் யாது? ரேந்தை ஐரோப்பியப் பெண்களுக்கு விற்பனையாயிற்று. வந்த பணம் பள்ளியை நடத்திற்று. பின்னியவர்க்குக் கூலியும் கிடைத்தது. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை நடைமுறையில் இருந்தது. அதனை முற்றும் ஒழித்த அரசாணை 1855இலேதான் பிறந்தது. அதற்கு முன்பே, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் தம் ரேந்தைக் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கினர். இச்செய்தியை முதன்முதற் படித்தபோது யான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே நின்றேன்.

எலைசா பிறந்த ஆண்டிலேயே வேறொரு நூற்போரும் தொடங்கிற்று. நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்தல் கூடாதென்பது அந்நாட்டு வழக்கம். கிறித்துவரான பெண்களுக்கு மிஷனரிமாரின் மனைவியர் தளர்வான சட்டையொன்றை வகுத்துத் தைத்துக் கொடுத்தனர். குப்பாயம் என்று அதற்குப் பெயர். இது நமக்குப் புதிய சொல் அன்று. சீவக சிந்தாமணியில் மிலேச்சன் ஒருவன் அணிந்த சட்டைக்கு அப்பெயர் உண்டு. ஆனால் இங்கோ அக்குப்பாயம் கலகத்துக்குக் காரணமாயிற்று. சந்தைக்குச் சென்ற பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன. பள்ளிகளும் சிறு கோயில்களும் தீக்கிரையாயின. 1829இல் பிறந்த ஆணை குப்பாயத்தை மட்டும் ஏற்று, தோளின்மேல் மேலாடை இடுவதை மறுத்தது. 1858இல் கலகம் மீண்டும் மூண்டது. 1859இல் வந்த ஆணை நாடார் பெண்கள் மார்பை மறைக்க இடந்தந்தது. அப்போதும் மேற்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்றே விதித்தது. ஒரு முழத் துணிக்கும் நாலு தையலுக்கும் முப்பத்தேழு ஆண்டுப் போராட்டம்!

இச்சூழலில் வளர்ந்த பெண்ணுக்குத் தையல் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்குமா? தமிழ், எலைசாவுக்குக் கூடவே வளர்ந்த மொழி. அயர்லாந்திற் பிறந்த கால்டுவெல் தமிழைக் கற்றுப் புலமை எய்தினார். அம்மையாரோ அதைக் காற்றைப் போல இயல்பாக உட்கொண்டவர். 1844இல் இருவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. எலைசா கணவருடன் இடையன்குடிக்குச் சென்றார்.

இடையன்குடி செம்மணல் தேரியும் பனைமரமும் சூழ்ந்த சிற்றூர். கோடையிற் காற்றடித்தால் மணல் வாசலை மூடும். அங்கே பெண்களுக்கென விடுதிப் பள்ளி ஒன்றை அம்மையார் நடத்தினார். தாயிடம் கற்ற ரேந்தைக் கலையை அங்கும் கொண்டுவந்தார். பதநீர் காய்ச்சியும் விறகு பொறுக்கியும் கரடேறிய விரல்கள் மெல்லிய நூலைப் பிடிக்கப் பழகின. பனையேறிக் குடும்பத்துப் பெண் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் தன் கையில் ஒரு காசு காண்பது அரிது. ரேந்தைக் கூலியோ அவள் கைக்கே வந்தது. எழுத்தும் கணக்கும் முற்பகலில் என்றால் பின்னல் பிற்பகலில். ஏழு மக்களைப் பெற்று வளர்த்த தாயார் இத்தனையும் செய்தார்.

இவ்வேலையை முற்றும் புகழ என் மனம் ஒருப்படவில்லை. மதம் பரப்பும் நோக்கம் அதன் ஊடே ஓடியது. குனிந்த தலையும் அடங்கிய கையும் நல்ல மனைவியை ஆக்கும் என்னும் எண்ணமும் உடனிருந்தது. ரேந்தை விலையில் எவ்வளவு பங்கு பின்னியவளைச் சேர்ந்தது என்ற கேள்வியையும், பெண்பிள்ளைகள் கொழும்பு ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறும் நம் காலத்தில், எளிதில் விட்டுவிட இயலாது. எனினும், அந்தக் கூலியைக் கொண்டு தன்னைத் தானே மீட்டுக்கொண்ட பெண்ணிடம் போய் இவற்றையெல்லாம் சொன்னால் அவள் என்ன நினைப்பாள் என்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

திருநெல்வேலிக்கும் நம் மலைநாட்டுக்கும் தொடர்பு இல்லாமலில்லை. 1850களில் கோப்பித் தோட்டத் தொழிலாளரிடையே பணிபுரிய அச்சீமையிலிருந்து உபதேசிமார் வந்தனர். கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தது அதற்குப் பிந்திய கதை.

கால்டுவெல் 1877இல் பிஷப் ஆனார். 1891 ஆகஸ்டு 28இல் கோடைக்கானலில் காலமானார். அவருடல் இடையன்குடிக் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களிடையே பணிசெய்த எலைசா அம்மையார் 1899இல் மறைந்தார். 1968இல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது சென்னைக் கடற்கரையிற் சிலை பெற்றவர்களுள் கால்டுவெல் ஒருவர். பாடப்புத்தகமும் அவரையே பேசுகிறது. அம்மையார்க்கு அதில் அரை வரியும் இல்லை.

மறுநாள் வகுப்பில் ஒப்பிலக்கணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இவ்வரலாற்றைச் சொன்னேன். பின்னர் இழுப்பறையைத் திறந்து கொக்கியூசியையும் நூற்பந்தையும் அந்த மாணவியிடம் கொடுத்தேன். அவள் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள். உட்காராமல், அந்தப் பிள்ளைகள் தாங்கள் பின்னிய ரேந்தையைத் தாங்களும் உடுத்தினார்களா என்று கேட்டாள். அவர்கள் அணிந்தது ரேந்தையில்லாத குப்பாயம். ரேந்தை வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கைந்நுனிக்கும் கழுத்துக்கும் போயிற்று என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் உருவி வைத்ததில் எத்தனை கண்ணி கழன்றிருக்கிறதென்று விரலால் எண்ணத் தொடங்கினாள்.