மண்ணில் மருந்து தேடிய டாக்டர் சுப்பாராவ்

பெனிசிலின் என்றால் எல்லாரும் டக்கென்று பிளெமிங் பேரைச் சொல்லிடுவோம். நான் எழுதப் போறது நம்ம சென்னையில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் பற்றி.

1895-ம் வருடம் ஜனவரி 12-ந் தேதி, அப்போதைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக் பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயில்! மூணாவது தடவைதான் பாஸ். (கணக்கில் ஃபெயிலானவங்க கவனிங்க.)

சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்திஜி சொன்னதைக் கேட்டு, ஆபரேஷன் அறைக்குக் கதர் அங்கி போட்டுக்கிட்டுப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. இதைப் படிச்சப்ப எனக்கு அழுகையே வந்துச்சு.

பிறகு அமெரிக்கா போனார். முதலில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சிக்கே தலைவரானார். அவருடைய குழு பல ஊர் மண்ணை வரவழைத்துச் சோதித்தது. மண்ணு எதுக்கு என்று கேட்பீங்க. மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள் மற்ற கிருமிகளை அடக்கும் பொருளை உண்டாக்கும். முதல் மழை பெய்ததும் நம்ம கரிசலில் ஒரு வாசம் வருமே, அதுவும் அந்த நுண்ணுயிர்க் கூட்டத்தோட வேலைதான்! அப்படி மிசௌரி மண்ணிலிருந்து, குழுவில் இருந்த டகர் என்ற பெரியவர் ஆரியோமைசினைக் கண்டுபிடித்தார். டெட்ராசைக்ளின் வகையில் அதுதான் முதல் மருந்து. 1948-ல் அது வெளிவந்தது. அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்துட்டார்.

கிருமி புரதம் செய்ய விடாமல் அந்த மருந்து தடுக்கும். ஆனால் கிருமியும் லேசுப்பட்டதில்லை. கிணத்துத் தண்ணியை மோட்டார் இறைக்கிற மாதிரி, சில கிருமிகள் உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிடும். கண்டதுக்கெல்லாம் கடையில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டால் சாதாரணக் கிருமி செத்து, இந்த மாதிரிக் கிருமிதான் பெருகும். சுப்பாராவ் படித்த சென்னையிலேயே, கடைசிக்கட்ட மருந்தையும் உடைக்கும் கிருமிகள் இருப்பதை 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது.

எங்க சித்திக்குப் பிரசவ ஆபரேஷன் பண்ணின புண்ணில் சீழ் வைத்தது. சீழை எடுத்து கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினாங்க. மூணு மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது என்று சீட்டு வந்தது. நாலாவது மருந்தை ஊசியில் ஏத்தினாங்க. சித்தி எழுந்து உட்கார்ந்து பாப்பாவை மடியில் வாங்க இருபது நாளாச்சு.