கால்கள் ஓய்ந்த பின்னும் ஓயாத அபேபே பிகிலா

ஹுத்தான் மெலிந்தாங் தோட்டப்பள்ளித் திடலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்களுக்கு அபேபே பிகிலா அந்நியர் அல்லர்.

எத்தியோப்பியாவின் ஜாத்தோ கிராமத்தில் 1932-இல் பிறந்தார். இத்தாலியப் படையெடுப்பில் குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது அவர் சிறு பிள்ளை. பின்னாளில் பேரரசர் ஹைலே செலாசியின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். சுவீடன் நாட்டுப் பயிற்றுநர் ஒன்னி நிஸ்கானென் அவரை மாரத்தான் ஓட்டக்காரராக உருவாக்கினார்.

1960 செப்டம்பர் 10, ரோம் ஒலிம்பிக். காலணி பொருந்தாததால் வெறுங்காலோடு ஓடினார். இத்தாலியர் எத்தியோப்பியாவின் அக்சூமிலிருந்து பெயர்த்துச் சென்ற கல்தூண் பாதையோரம் நின்றது. அந்த இடத்தில் வேகமெடுத்தவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் தங்கம்!

1964 தோக்கியோவில் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில் மீண்டும் தங்கம் வென்றார். தாப்பா எம்.ராஜாமணி மலேசியாவுக்காக ஓடியதும் அதே ஒலிம்பிக்கில்தான்.

1969 மார்ச்சில் கார் விபத்து. தொடக்கத்தில் தலையைக்கூட அசைக்க முடியவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் பல மாதச் சிகிச்சைக்குப் பின் கைகளுக்கு வலு திரும்பியது; கால்களுக்குத் திரும்பவே இல்லை. மாரத்தான் பழக்கிய பொறுமை அங்கே கைகொடுத்தது என்றே சொல்ல வேண்டும். 1970-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தல், மேசைப்பந்துப் போட்டிகளில் இறங்கினார். மறு ஆண்டு நார்வேயில் பனிவண்டிப் போட்டியில் வெற்றியும் பெற்றார். ரோம் கதை தெரிந்த பலருக்கு இது தெரியாது.

1973 அக்டோபர் 25-இல், 41 வயதில், மூளை ரத்தக்கசிவால் காலமானார். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டனர், பேரரசரும் வந்திருந்தார்.