ஃபுர்ட்வெங்லர்: இசையும் இருண்ட காலமும்

தொல்லியல் அறிஞர் ஒருவரின் மைந்தராக 1886-இல் பெர்லினில் பிறந்தவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். இசையமைப்பாளர் என்றே தம்மை அவர் எண்ணியிருக்க, உலகமோ இசைக்குழு நடத்துநராகவே அவரை நினைவில் வைத்துள்ளது. 1922-இல் ஆர்தர் நிகிஷ் மறைந்தபின் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவருடைய கோல் தெளிவின்றி நடுங்கும். அந்நடுக்கத்திலிருந்துதான் குழுவின் ஆழ்ந்த ஒலி எழுந்தது என்பது வியப்பே!

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கலைஞர் பலர் நாடு நீங்கினர், இவர் நீங்கவில்லை. ஹிண்டெமித் என்னும் இசையமைப்பாளருக்காக 1934-இல் நாளிதழில் வாதாடிப் பதவி துறந்தார். மறு ஆண்டே மேடைக்குத் திரும்பினார். யூத இசைஞர் பலருக்கு உதவியதும் உண்மை. 1942-இல் ஹிட்லரின் பிறந்தநாள் விழாவுக்காகப் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தியதும் உண்மை. முன்னதைக் காட்டிப் பின்னதை அழித்துவிட இயலாது என்பது என் கருத்து. போருக்குப்பின் விசாரணையில் விடுவிக்கப்பட்டு, 1947 மே மாதம் மீண்டும் பெர்லின் மேடை ஏறினார்.

அதே ஒன்பதாம் சிம்பொனியை 1951 சூலை 29 அன்று, போருக்குப்பின் முதன்முறையாகக் கூடிய பைராய்ட் இசைவிழாவின் தொடக்கத்தில் நடத்தினார். அப்பதிவைக் கேட்போர் மூன்றாம் பகுதியில் சற்றே நிற்க வேண்டும். ஏறத்தாழ 19 நிமிடங்கள் நீளும் அப்பகுதியில் வயலின்கள் அவசரமறியாது பாடுகின்றன. இறுதிப் பகுதியில் நெடிய மௌனத்தின்பின், செல்லோக்களும் டபுள் பாஸ்களும் மகிழ்ச்சிப் பண்ணைச் செவிக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்குகின்றன. பிற கருவிகள் ஒவ்வொன்றாய் வந்து சேர, ஒலி பெருகுகிறது. முடிவில் விரைவு எல்லை கடந்து, குழுவே தடுமாறுகிறது. மாசற்ற பதிவு வேண்டுவோர் வேறு தட்டுகளை நாடலாம். இத்தடுமாற்றத்தில் உள்ள உயிர் அவற்றில் கிட்டுவது அரிது.

இறுதி ஆண்டுகளில் அவருடைய செவிப்புலன் குன்றியது. 1954 நவம்பர் 30 அன்று காலமானார். பைராய்ட் பதிவு ஒலித்தட்டாக வெளிவந்தது அதற்கடுத்த ஆண்டில்தான். 2007-இல் பவேரிய வானொலியின் ஒலிநாடா வெளியானபோது, அது பழைய தட்டிலிருந்து பல இடங்களில் வேறுபடுவது தெரியவந்தது. ஒத்திகையின் பகுதிகளும் தட்டில் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர்.