உயிர்ப்பின் வெண்ணுடையும் யோசேவ் வாஸ் அடிகளாரின் கந்தலும்

தவக்காலம் முழுவதும் ஆலயங்களில் நிலவிய ஊதா நிறம் நீங்கி, பாஸ்குத் திருவிழிப்பு இரவிலே பீடத்தின் மேல் வெண்துகில் விரிக்கப்படும் வேளை, திருச்சபையின் ஆண்டு முழுவதிலும் ஒப்பற்ற வேளையாகும். பெரிய வெள்ளியன்று செந்நிற உடையில் முகங்குப்புற விழுந்து மன்றாடிய அதே குருவானவர், மறுநாள் இரவு வெண்ணுடையில், சிலவேளை பொன்னிழையோடிய உடையில், பாஸ்குத் திரியின் பின்னே நடந்து வருகிறார். கல்முனைக் கரையில் வாழும் நமக்குத் துணியின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருதமுனையின் தறியோசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு முழத் துணிக்குப் பின்னால் எத்தனை கைகளின் உழைப்பு உண்டு என்பதை அறிவோம். ஆகவே ஒரு புனிதரின் வாழ்வை அவர் உடுத்ததையும் உடுத்தாமல் மறைத்ததையும் கொண்டு இவ்வாரம் சொல்லத் துணிகிறேன்.

1687ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு. உரோமையில் அப்போது பாப்பரசராக இருந்தவர் பதினோராம் இன்னசென்ட். அக்கால வழக்கப்படி உயிர்த்த ஞாயிறன்று பாப்பரசர் மும்முடி தரித்து, பல்லக்குப் போன்ற இருக்கையில் தோள்களிற் சுமக்கப்பட்டுப் புனித பேதுரு பேராலயத்தினுள் நுழைவார். குருக்கள் அனைவரும் அணியும் உடைகளாகிய கழுத்தைச் சுற்றிய துகில், கணுக்கால் வரை தொங்கும் வெண்ணங்கி, இடைக்கயிறு, இடக்கையில் தொங்கும் சிறு துகில், தோளிலிருந்து இறங்கும் பட்டை, எல்லாவற்றுக்கும் மேலான திருப்பலிப் போர்வை என்பன ஒருபுறமிருக்க, அவருக்கே உரியதாகப் பொன்னும் வெண்மையும் கோடிட்ட பட்டுத் தோளாடை ஒன்றும் உண்டு. அதன்மேல் செம்மறியின் உரோமத்தால் நெய்த பாலியம் வரும். காணாமற்போன ஆட்டைத் தோள்மேற் சுமக்கும் நல்லாயனின் அடையாளம் அது. ஒவ்வோர் உடையையும் அணியும்போது அதற்கென ஒரு செபம் சொல்லப்படும். திருப்பலி முடிந்ததும் பேராலயத்தின் மேன்மாடத்திலிருந்து ஊருக்கும் உலகுக்குமான ஆசீர் வழங்கப்படும். மும்முடியும் சுமக்கும் இருக்கையும் இன்று வழக்கொழிந்துவிட்டன. ஆசீர் மட்டும் நிலைத்திருக்கிறது.

அதே உயிர்த்த ஞாயிறன்று, தூத்துக்குடித் துறைமுகத்தை வந்தடைந்தார் மெலிந்த தேகமுடைய ஒரு குருவானவர். வயது 36 நிறையும் தறுவாய். காலில் மிதியடி இல்லை. துறைமுகமோ கத்தோலிக்கரைப் பகைத்த ஒல்லாந்தரின் கையில் இருந்தது. ஆகையால் குருவுடையும் இல்லை. அவருடன் யோவான் என்னும் தோழர் ஒருவர் இருந்தார். திருப்பலிக்குத் தேவையானவை மூட்டைக்குள் மறைந்திருந்தன. இவரே பிற்காலத்தில் இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்பட்ட யோசேவ் வாஸ் அடிகளார்.

அவர் பிறந்தது 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில். கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பம் அது. 1676இல் குருத்துவ அபிஷேகம் பெற்றார். அந்நாட்களில் கோவாவில் குருப்பட்டம் என்பது மதிப்பும் வசதியும் தருவதாக இருந்தது. அவரோ பட்டம் பெற்றபின் ஏழைகளைப் போல வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார். அந்த வெறுங்கால் பின்னாளில் இலங்கைக் காடுகளில் எத்தனை காதம் நடக்கப் போகிறது என்பதை அவர் அன்று அறிந்திருக்க மாட்டார். மறு ஆண்டு அன்னை மரியாளுக்குத் தம்மை அடிமையாக எழுதிக்கொடுத்தார். இலங்கையில் குருக்களின்றித் தவிக்கும் மக்களைப் பற்றிக் கேள்வியுற்று அங்கே செல்ல விரும்பினார். ஆயினும் மேலிடம் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் கோவாவில் ஒரட்டோரியன் சபையில் சேர்ந்து 1685இல் அதன் தலைவரானார். அடுத்த ஆண்டே அப்பதவியைத் துறந்து, நெடுநாள் விரும்பிய நாட்டை நோக்கிப் புறப்பட்டார்.

இங்கே இலங்கையின் நிலை என்ன? 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். குரு ஒருவருக்கு இடமளிப்போருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அதுவரை பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையே பூசை உடுப்பைக் கண்ணாற் கண்டதில்லை. வீடுகளிற் சொல்லப்பட்ட செபங்களே விசுவாசத்தைக் காத்தன.

யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் அடிகளார் கடும் வயிற்றுளைச்சலால் வீழ்ந்தார். ஏழைப் பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியால் உயிர் பிழைத்தார் என்று அவருடைய வரலாறு கூறும். உடல் தேறியதும் பிச்சைக்காரர் கோலத்தில் வீடு வீடாகச் சென்றார். ஒன்றை மட்டும் அவர் மறைக்கவில்லை. கழுத்திலே செபமாலை தொங்கியது. அதைக் காணும் கண்களிற் சட்டென்று ஓர் ஒளி தோன்றுகிறதா என்று பார்ப்பார். அப்படித்தான் ஒருவர் பின் ஒருவராக மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். உடைகள் யாவும் ஒளிக்கப்பட்டபோது அந்த ஒரு மாலையே அவரது குருத்துவத்தின் அடையாளமாயிற்று.

அதன்பின் இரவுகளே அவரது பகலாயின. சில்லாலையைத் தமக்கு இருப்பிடமாகக் கொண்டு, ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கு மாறி மாறித் திருப்பலி நிறைவேற்றினார். இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அக்காலத்துத் திருவழிபாட்டு ஒழுங்கின்படி பாஸ்குத் திருவிழிப்பு பெரிய சனியன்று காலையிலேயே நிறைவேற்றப்பட்டு வந்தது. இரவின் வெளிச்சமாகிய பாஸ்குத் திரி பகல் வெளிச்சத்தில் ஏற்றப்பட்டது. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் அதை இரவுக்குத் திருப்ப இடமளித்து, 1955இல் அதையே திருச்சபை முழுமைக்கும் விதியாக்கினார். உரோமை இரவை மறந்திருந்த அந்த நூற்றாண்டில், யோசேவ் வாஸ் அடிகளாரின் மக்களுக்கு இரவைத் தவிர வழிபாட்டுக்கு வேறு வேளை கிடையாது.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்த வீரர்கள் திருப்பலிக்குக் கூடியிருந்தவர்களைச் சூழ்ந்தனர். அடிகளார் தப்பினார். மக்களுட் பலர் பிடிபட்டுக் கசையடி பட்டனர். மேய்ப்பர் தப்பி மந்தை அடிபட்டது அவர் நெஞ்சை எவ்வளவு அறுத்திருக்கும்! அங்கிருந்து புத்தளம் சென்று ஓராண்டளவு உழைத்தபின், 1692இல் கண்டி நோக்கிப் போனார். அங்கே பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் குற்றஞ்சாட்ட, சிறை வாய்த்தது. சிறையிலே சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஓலைக் குடிசை ஒன்றை அமைத்து அதையே ஆலயமாக்கினார். யாழ்ப்பாணத்தில் சுதந்திர மனிதராய் இருந்தபோது மூட்டைக்குள் கிடந்த பூசை உடுப்பு, கண்டியில் கைதியான பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது.

கடும் வரட்சியின்போது மன்னனின் அரண்மனை முன் சிலுவை நாட்டி அவர் மன்றாட, மழை பெய்தது என்பதையும், அதனால் அவருக்கு விடுதலை கிடைத்தது என்பதையும் அனைவரும் அறிவர். என் எண்ணத்தில் அம்மழையை விடவும் பெரியது, 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது அவர் செய்த பணி. நோயாளரைச் சொந்த உறவினரே காட்டோரம் விட்டு ஓடிய நாட்கள் அவை. அடிகளாரும் அவ்வாண்டு கோவாவிலிருந்து வந்த அவரது மருமகன் யோசேவ் கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்று உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தரா கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை.

இதே கண்டி அரசைப் பற்றி நமது கரையின் வரலாறு இன்னொன்றையும் நினைவுகூர்கிறது. சொல்லக் கூசினாலும் சொல்லவே வேண்டும். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களை விரட்டினர். விரட்டியவர்கள் நம் சமயத்தவர். விரட்டப்பட்டவர்களுக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் தந்தான். அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியரான குவேரோஸ் அடிகளாரே எழுதிவைத்துள்ளார். அதற்கு முன்னரும் இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். இவ்விதம் வந்தவர்களும் அவர்களுடன் கலந்தனர். அறுபத்தாறு ஆண்டுகளின் பின், ஒல்லாந்தரால் வேட்டையாடப்பட்ட கத்தோலிக்கக் குரு ஒருவர் அதே அரசின் எல்லைக்குள் புகலிடம் கண்டார். செனரத்தின் மரபில் வந்த பௌத்த மன்னன் அவரையும் வாழவிட்டான். நம்மூர்ப் பள்ளிவாசலிலும் ஆலயத்திலும் தொழுவோர் ஒரே வாசலால் உள்ளே வந்தவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

பின்வந்த ஆண்டுகளில் அடிகளார் வெறுங்காலுடனேயே தீவெங்கும் நடந்தார். வடக்கே வன்னியும் மன்னாரும், மேற்கே கொழும்பும், கிழக்கே திருகோணமலையும் மட்டக்களப்பும் அவரது பயண வழியில் அடங்கின. 1705இல் கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தபோது நாட்டை எட்டு மறைப்பகுதிகளாக வகுத்தார். குருவானவர் இல்லாத ஊர்களில் மூப்பரும் அண்ணாவியாரும் செபத்தை முன்னின்று நடத்தினர். அப்போது வந்தவர்களுள் ஒருவரே யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்றனர். தவக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இராகத்துடன் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் ஆக்கியது. வியாகுலப் பிரசங்கத்தின் ஒலியிலே பெரிய வெள்ளியைக் கழித்தவர்கள், தாம் யோசேவ் வாஸ் அடிகளாரின் இரவுத் திருப்பலிகளின் வாரிசுகள் என்பதை அறிந்தோ அறியாமலோ அழுதிருக்கிறார்கள்.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி நள்ளிரவில், கண்டியில், தமது 59ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். 24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்தவர் ஒருமுறையேனும் தம் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. 1995 சனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 சனவரி 14இல் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுத் திருத்தலத்துக்கும் சென்றார்.

2019ஆம் ஆண்டில் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 21இல் வந்தது. அது அடிகளார் பிறந்த நாள். அன்று காலை கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நடந்தவற்றை இங்கு விரித்துரைக்க மனம் வரவில்லை. வெள்ளை விரித்த பீடங்களின் மேல் இரத்தம் தெறித்தது. ஐந்து நாட்களின் பின் நமக்கு அருகே சாய்ந்தமருதில், பிள்ளைகளும் உட்பட மேலும் உயிர்கள் மாண்டன. அங்கே சந்தேகத்துக்குரியவர்கள் தங்கியிருந்ததை அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. ஏப்ரல் 28ஆம் திகதி ஞாயிறன்று நாட்டின் கத்தோலிக்க ஆலயங்களில் மக்கள் பங்குபெறும் திருப்பலி நடைபெறவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பலியைத் தொலைக்காட்சியிலே கண்டோம். மறுநாள் முகத்தை மூடும் ஆடைக்கு அவசரகால விதியின் கீழ்த் தடை வந்தது. முகத்தை மூடாதவர்களும் தாம் உடுத்த உடைக்காக வீதியிலே அஞ்சி நடந்த மாதங்கள் அவை. கல்முனைக் கடைத்தெருவில் அந்நாட்களில் தலைகுனிந்து விரைந்த சகோதரிகளைக் கண்டபோது, சில்லாலை வீட்டுத் திண்ணையிற் கந்தலுடன் நின்ற அடிகளாரே என் நினைவுக்கு வந்தார். உடுத்ததைக் கொண்டு மனிதரைப் பிடிக்கத் தேடும் காலத்தை அவர் அறிவார்.

அவரைப் புனிதராக்கிய பாப்பரசரின் இறுதி நாட்களும் உடையைப் பற்றி ஒன்றைக் காட்டின. 2013இல் பதவியேற்ற சில நாட்களில், பெரிய வியாழனன்று, அவர் உரோமையிலுள்ள இளையோர் சிறைக்குச் சென்று பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். 2025 ஏப்ரல் 10இல், நோயால் நலிந்த நிலையில், வெள்ளை அங்கியின்றிக் கறுப்புக் காற்சட்டையும் கோடுபோட்ட போர்வையுமாகச் சக்கர நாற்காலியில் புனித பேதுரு பேராலயத்துக்குள் வந்தார். அதைக் கண்டு சிலர் முகஞ்சுளித்தனர். ஏப்ரல் 20 உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் ஒருவர் அவர் சார்பில் திருப்பலி ஒப்புக்கொடுக்க, அவர் மேன்மாடத்திலிருந்து ஊருக்கும் உலகுக்குமான ஆசீரை மட்டும் வழங்கினார். மறுநாட் காலை உயிர்நீத்தார். அன்றும் ஏப்ரல் 21.

பாப்பரசர்களின் வழக்கப்படி செந்நிறத் திருப்பலி உடை அணிவித்து அவரை எளிய மரப்பேழையில் வைத்தனர். மரியன்னை பேராலயத்தில் உள்ள அவரது கல்லறையில் அவருடைய பெயர் ஒன்றே பொறிக்கப்பட்டுள்ளது. கண்டியில் யோசேவ் வாஸ் அடிகளாரின் கல்லறைக்கு அதுவும் இல்லை. அவரை அடக்கம் செய்த ஆலயம் பின்வந்த கலகங்களில் அழிந்துபோக, அந்த இடம் எதுவென்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை.