கை கழுவச் சொன்ன செம்மல்
(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

மழைக்காலம் வந்தால் அமிர்திப் பக்கத்துச் சிற்றூர்களில் கிணற்றிலும் குடிநீர்த் தொட்டியிலும் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். தோல் பதனிடும் நெடிக்குப் பழகிய நம் வட்டாரத்தாரும் அந்த வாடைக்கு முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தப் பொடியைக் கொண்டே தாய்மாரின் உயிர் காத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். பெயரிலேயே செம்மலைக் கொண்ட இக்னாஸ் செம்மல்வைஸ்தான் அவர்.

1818-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் ஹங்கேரி நாட்டுப் புடா நகரில் ஒரு மளிகை வணிகரின் மகனாகப் பிறந்தார். வியன்னாவில் சட்டம் படிக்கத் தொடங்கி, மருத்துவத்திற்கு மாறி, 1844-இல் பட்டம் பெற்றார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையில் உதவி மருத்துவரானார்.

அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதலாவதில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தனர். அவ்வாண்டில் மருத்துவச்சிகளின் பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 தாய்மார் இறந்தனர். படித்தவர்களின் பிரிவிலோ 11 பேர்! முதற் பிரிவில் சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினர்.

1847-இல் அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு நோயுற்று இறந்தார். அவர் உடலில் கண்ட மாறுதல்கள், பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவையே. செம்மல்வைசுக்கு உண்மை விளங்கிற்று. பிணத்தை அறுத்த கை, சோப்பால் கழுவியும் பிணவாடை போகாத அதே கை, பிரசவ அறைக்குள் நுழைகிறது. மருத்துவச்சிகளோ பிணத்தைத் தொடுவதில்லை.

வாடையைப் போக்கும் பொருள் நஞ்சையும் போக்கும் என்று கருதினார். மே மாதம் முதல் குளோரின் நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என விதித்தார். பின்னர், விலை மலிவு கருதி, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கு மாறினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆயிற்று. 1848 மார்ச்சில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

ஆயினும், தங்கள் கையே எமனாயிற்று என்பதைப் பெரிய மருத்துவர் பலர் ஏற்கவில்லை. 1849-இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. கை கழுவச் சொன்னவரை மருத்துவமனை கை கழுவிவிட்டது! பெஸ்ட் நகருக்குத் திரும்பி, அங்கும் தாய்மார் சாவைக் குறைத்தார். 1861-இல் தம் ஆய்வை நூலாக்கினார். அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. மனம் நலிந்த நிலையில் 1865-இல் வியன்னா மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டவர், ஆகஸ்ட் 13-ஆம் நாள், 47-ஆம் வயதில், புண்ணில் சீழ் கொண்டு மறைந்தார். பிற்காலத்தில் கிருமிகளைப் பற்றிய ஆய்வுகள் அவர் சொன்னதை மெய்ப்பித்தன. 1969-இல் புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரைப் பெற்றது.

அவர் கையாண்ட பொருள் இன்று நம் வீட்டில் இருக்கிறது. கை கழுவ இப்போது சோப்பே போதும். தரையும் கழிப்பறையும் கழுவும்போது, பிளீச்சிங் பவுடரை அளவோடு, பச்சைத் தண்ணீரில் கரைத்து, கதவு சன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்த வேண்டும். வாடை மிகுந்தால் சுத்தம் மிகும் என்பது தவறு. கழிப்பறை ஆசிட்டை அதனோடு சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். வாடை போக்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றினாலும் அந்த வாயுவே வரும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே முறை. மூடிய டப்பாவில், வெயில் படாமல், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். டப்பாவில் அச்சிட்ட எச்சரிக்கையை நம் தாய்மாரில் பலரால் படிக்க இயலாது. படித்த கைகளாலும் தீங்கு நேரும் என்பதை வியன்னா காட்டியது. நாம் படித்த வேதியியலை முதலில் நம் வீட்டுத் தாய்க்குச் சொல்வோம். அதுவே அச்செம்மலுக்கு நாம் செய்யும் மரியாதை.