திருவையாற்றில் தோற்ற ராஜராஜ சோழன்



இந்த மாதச் சுவர் இதழில் தேர்தலில் தனித்து நின்ற ஒருவரைப் பற்றி எழுதலாம்னு நினைத்தேன். கட்சி இல்லாமல் நிற்பவரைச் சுயேச்சை என்கிறோம். இதற்கு நம்ம காவிரிக் கரையிலேயே பெரிய உதாரணம் இருக்கு. 1957-ல் தி.மு.க.வுக்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் கிடையாது. அதனால் திருக்குவளையில் பிறந்த கலைஞர் கருணாநிதி, குளித்தலையில் சுயேச்சை என்ற கணக்கில்தான் நின்று வென்றார். ஆனா ஜெயிச்சவங்க கதை எல்லாருக்கும் தெரியும். நான் எழுதப்போவது தோற்றவர் கதை. அவர் சுயேச்சை இல்லை, சொந்தமாகக் கட்சி வைத்திருந்தார். அந்தக் கட்சிக்கு ஒரு வயசுகூட ஆகலை, அதனால கிட்டத்தட்ட சுயேச்சை மாதிரிதான். அவர்தான் நடிகர் திலகம் சிவாஜி கணேசன்.

பிறந்தது விழுப்புரம் என்றாலும் அவர் குடும்பம் நம்ம தஞ்சை மண்ணுக்குச் சொந்தம். தஞ்சாவூர் பக்கம் சூரக்கோட்டையில் அவருக்குப் பண்ணையும் வீடும் இருந்தன. சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்தபோது பெரியார் வைத்த பெயர்தான் சிவாஜி. 1952-ல் வந்த 'பராசக்தி' முதல் படம். வசனம் கலைஞர். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் சண்முகசுந்தரமாக நாதஸ்வரம் வாசிக்கிற மாதிரி நடித்தாரே, அதை டிவியில் பார்க்காதவர் நம்ம ஸ்கூலில் இருக்க முடியாது. (உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.) 1973-ல் வந்த தமிழின் முதல் சினிமாஸ்கோப் படத்தில் ராஜராஜ சோழனும் அவரே.

அரசியலில் காமராஜரை நம்பிக் காங்கிரசில் இருந்தார். பல வருஷம் மத்தவங்களுக்காகத்தான் ஓட்டுக் கேட்டார். 1982-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர் ஆனார்.

1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தார். அவர் மனைவி ஜானகி அம்மையார் முதலமைச்சர் ஆனார். சட்டமன்றத்தில் பெரும்பான்மையைக் காட்ட வேண்டிய நேரத்தில் காங்கிரஸ் அவரை ஆதரிக்கவில்லை. ஆட்சி ஒரு மாசம்கூட நிலைக்கலை. ஆதரிக்கணும் என்பது சிவாஜியின் கருத்து. கட்சி கேட்காததால் வெளியே வந்து, 1988 பிப்ரவரியில் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற கட்சியைத் தொடங்கினார். யோசித்துப் பாருங்க. சினிமாவில் இருபது வருஷத்துக்கு மேல் தனக்குப் போட்டியாக இருந்தவரின் மனைவிக்காக, தான் வளர்ந்த கட்சியை விட்டு வந்தார். இதைக் கெட்டிக்காரத்தனம்னு யாரும் சொல்லமாட்டாங்க. எனக்கு இந்த இடத்தில்தான் அவரை ரொம்பப் பிடிக்குது.

1989 ஜனவரி 21 தேர்தல். ஜானகி அணியோடு கூட்டணி. சிவாஜி திருவையாற்றில் நின்றார். பொங்கல் முடிஞ்சு, சம்பா அறுவடை நடக்கிற சமயம். எங்க தாத்தா அந்தத் தொகுதிக்காரர், தீவிர சிவாஜி ரசிகர். களத்து வேலையைப் போட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போனாராம். வேனில் கையெடுத்துக் கும்பிட்டபடி வந்தவரைப் பார்த்ததும் கண்ணில் தண்ணி வந்துடுச்சாம். ஆனால் ஓட்டு? உதயசூரியனுக்குத்தான் போட்டாராம்! ஏன் தாத்தா என்று கேட்டேன். படம் வேற, கட்சி வேற என்றுவிட்டார். பூத் சிலிப் கொடுத்தது, வயசானவங்களைக் கூட்டிப் போனது எல்லாமே அவருக்குத் தெரிந்த கிளைக்கழக ஆட்கள். ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள் தோரணம் கட்டினார்கள், கோஷம் போட்டார்கள். ஆனா எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்ற கணக்கு அவங்ககிட்ட இல்லையாம். எம்.ஜி.ஆர். 1972-ல் கட்சி தொடங்கியபோது அவர் மன்றங்களே கட்சிக் கிளைகளாக மாறின. சிவாஜிக்கு அப்படி நடக்கவில்லை. அவர் ரசிகர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். நடிகருக்கு அது பெருமை, வேட்பாளருக்கு அதுவே நஷ்டம்.

முடிவு வந்தது. தி.மு.க. வேட்பாளர் துரை சந்திரசேகரன் 36,981. சிவாஜி 26,338. வித்தியாசம் 10,643 ஓட்டு. அவர் கட்சி நின்ற ஒரு தொகுதியில்கூட ஜெயிக்கவில்லை. ஆண்டிபட்டியில் ஜானகி அம்மையாரும் தோற்றார். முதலமைச்சர் ஆனவர் யார் தெரியுமா? 'பராசக்தி'க்கு வசனம் எழுதிய கலைஞர்தான்.

என் கணக்குப்படி 26,338 சின்ன எண் இல்லை. புதுக் கட்சிக்கு, பழைய கூட்டாளி யாரும் பக்கத்தில் இல்லாதபோது, அத்தனை பேர் ஓட்டுப் போட்டிருக்காங்க. ஆனா முதல் இடத்துக்குத்தானே சட்டமன்றத்தில் நாற்காலி!

அப்புறம் கட்சியை ஜனதா தளத்தில் சேர்த்துவிட்டுக் கொஞ்ச காலம் அதற்கு மாநிலத் தலைவராக இருந்தார். பிறகு அரசியலையே விட்டுவிட்டார். நடிப்பை விடவில்லை. 1992-ல் 'தேவர் மகன்' வந்தது. அதில் ஊரே மதிக்கிற பெரியவராக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எங்க தாத்தா தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போய் மூணு தடவை பார்த்தாராம். 1995-ல் பிரான்ஸ் நாட்டின் செவாலியே விருதும், அடுத்து தாதா சாகேப் பால்கே விருதும் கிடைத்தன. 2001 ஜூலை 21-ல் சென்னையில் காலமானார். திருவையாற்றுத் தோல்விக்குப் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.